கண் உட்கார ஓர் இடம்

சுவரோ பேப்பரோ, எங்காவது கொஞ்சம் காலியிடம் கிடந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை அரிக்கும். டியூப் லைட்டில் உபயம் எழுதுவார்கள். மின்விசிறி இறக்கையில் குடும்பப் பெயரை எழுதுவார்கள். சுற்றும்போது அதை யார் வாசிப்பது என்று கேட்டால், "கரண்டு போவும்லா, அப்ப வாசிக்கலாம்" என்பார்கள். நானும் இந்த ஊர்க்காரிதான். எனக்குக் கை அரிக்காது, வாய் அரிக்கும். பக்கத்தில் ஓர் ஆள் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்ட என்னை அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார் எங்கள் கடை முதலாளி அண்ணாச்சி. ஐந்து வருடம் அப்படி இருந்தோம்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளெக்ஸ் கடை அது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, சர்ச் பண்டிகை, தலைவர் பிறந்தநாள், சாவு என்று எல்லாவற்றுக்கும் பிளெக்ஸ் அடித்துக் கொடுப்போம். வருகிறவர்களிடம் பேசி ஆர்டர் எடுப்பதும், கல்யாணக் கார்டு டைப் செய்வதும், மெஷினை ஓட்டுவதும் என் வேலை. டிசைன் அவள் வேலை. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் கோயிலுக்குப் போகிறவள், அவள் சர்ச்சுக்குப் போகிறவள். நான் பேசுவேன், அவள் "ம்" என்பாள்.

அவள் வந்த புதிதில் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. சாயங்காலம் பெண்ணின் தாய்மாமன் டிசைன் பார்க்க வந்தார். ஸ்கிரீனில் முழுக்க வெள்ளை. கீழே இடது மூலையில் மட்டும் மாப்பிள்ளையும் பெண்ணும் சின்னதாக நின்றார்கள். மேலே இரண்டு பெயர். அவ்வளவுதான்.

"என்ன பிள்ள, பாதியில கரண்டு போயிட்டா?" என்றார் மாமா.

"இல்ல மாமா, முடிஞ்சு."

"முடிஞ்சா? அப்ப நாங்க எல்லாரும் எங்க?"

அண்ணாச்சி ஓடி வந்தார். "அவ்வளவு இடம் கெடக்குலா? மாமாவ அதுல போடு" என்றார். மாமாவோடு சேர்த்துப் பதினெட்டுத் தலைகளை அந்த வெள்ளையில் ஏற்றினாள். ஏற்றி முடித்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "கண்ணு வந்து இருக்கதுக்கு ஒரு இடம் வேணும்லா மக்கா. ரோட்டுல அலஞ்சு வருகது, எங்கதான் போயி இருக்கும்?"

"உனக்க கண்ணுக்கு நாற்காலி போட்டுக் குடுக்கவா ஆளு வருகு? சும்ம கெட" என்றேன்.

பிறகு வருகிறவர்களே, "அந்த இடம் விடுத பிள்ளகிட்ட குடுக்காதுங்கோ" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தார்கள். அவளோ ஒவ்வொரு தடவையும் முதலில் காலியாகவே ஒன்று செய்து காட்டுவாள். அவர்கள் கத்துவார்கள். உடனே நிரப்பிக் கொடுப்பாள். மறுநாள் அடுத்த ஆளுக்கும் அதே கதை. இவளுக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று எனக்குக் கோபம் வரும்.

அவளிடம் ஒரு புத்தகம் இருந்தது. மார்த்தாண்டத்தில் ஓர் ஆக்கர் கடையில் பழைய பேப்பரோடும் தகரத்தோடும் கிடந்ததாம். வெளிநாட்டு வேலைக்குப் போய்வந்த யார் வீட்டிலிருந்தோ வந்திருக்க வேண்டும். தலையணை கனம் இருக்கும். உள்ளே நவீன ஓவியங்கள், போஸ்டர்கள், கட்டடங்கள். எழுத்து இங்கிலீஷ் மாதிரி இருந்தது, ஆனால் இங்கிலீஷ் இல்லை. சில எழுத்துக்களின் தலையில் இரண்டு புள்ளி வைத்திருந்தார்கள். போனில் படம் எடுத்தால் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லுமே என்று நான் கேட்டேன்.

"என்னத்துக்கு? அப்புறம் வாசிக்க ஆரம்பிச்சிருவேன், பாக்க மாட்டேன்" என்றாள்.

யார் வரைந்தது, யார் கட்டியது என்று எதுவும் தெரியாததால் ஒவ்வொன்றுக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமும் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு வட்டமுமாக ஒரு படம். அதற்குப் பெயர் 'ஞாயித்துக்கிழம மத்தியானம்'. இரண்டு தடித்த கறுப்புக் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கிற போஸ்டருக்குப் பெயர் 'சண்ட போட்ட அண்ணன் தம்பி'. நீளமான வெறும் சுவரும் அதன் அடியில் ஒரே ஒரு நாற்காலியும் இருக்கிற வீட்டுக்கு 'அம்ம உறங்குகா'. எனக்குச் சிரிப்புத் தாங்காது. "பைத்தியம் முத்திப் போச்சு உனக்கு" என்பேன். பிறகு ஒருநாள் மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு வீட்டில் தனியாகப் படுத்திருந்தேன். வெளியே மழை வரப்போகிற மாதிரி மூடிக்கொண்டு கிடந்தது. திடீரென்று அந்தச் சாம்பல் பக்கம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் அதை அவளிடம் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

அவள் வீட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். அம்மாவும் அவளும் மட்டும்தான். அண்ணன் மஸ்கட்டில். முன் அறையில் ஒரு சுவரில் ஆணிகூடக் கிடையாது. காலண்டரைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். அவளுடைய அம்மா எனக்குச் சாயா தந்துவிட்டு அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்க மவ ஒரு மாதிரியாக்கும் மக்கா. வேல விட்டு வந்தா இந்தச் சுவரத்தான் பாத்துக்கிட்டு இருப்பா. மொதல்ல எனக்குப் பயமா இருந்து. அப்புறம் நானும் கூட இருந்து பாத்தேன். கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

அம்மாவும் மகளுமாகச் சுவரைப் பார்க்கிறார்களாம். அந்த வீட்டில் ஒரு மணி நேரம் இருந்ததில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

என் நிச்சயதார்த்தப் பூவுக்கு முன்பணம் கொடுக்க அவளைத் தோவாளைப் பூச்சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான் நான் செய்த முட்டாள்தனம். நான் பிச்சிப்பூவுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கேந்திப்பூ மஞ்சளாக ஒரு குவியல், அரளி சிவப்பாக ஒரு குவியல், அவற்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ள, எடுக்கியா, சும்மா பாக்கியா?" என்று கேட்டார் பூக்காரர்.

"சும்மா பாக்கேன் அண்ணே."

"செரி, பாரு. கொஞ்சம் தள்ளி நின்னு பாரு. எடுக்க ஆளு வருகு."

அவள் தள்ளி நின்று பார்த்தாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்ததும், "மஞ்ச எங்க முடியுகுன்னு பாத்தியா? அங்கண வெறும் சிமென்டுத் தரை. அந்தத் தரை இல்லன்னா இந்த மஞ்சளு இவ்வளவு மஞ்சளா இருக்காது" என்றாள். பஸ் போய்விட்டது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இப்படித்தான். அலை வந்து கறுப்பு மணலையும் வெள்ளை மணலையும் பிரித்துப் போட்டுவிட்டுப் போவதை மணிக்கணக்காக நின்று போனில் படம் பிடிப்பாள். அந்தப் படங்களில் ஒரு மனுஷ முகம் இருக்காது.

மறுநாள் என் நிச்சயதார்த்தத்துக்கு யாரும் கேட்காமல் அவளே ஒரு பிளெக்ஸ் டிசைன் செய்து வைத்திருந்தாள். முழுக்கக் கேந்தி மஞ்சள். அடியில் ஒரு பட்டை மட்டும் சிமென்டு நிறத்தில் வெறுமையாக இருந்தது. அதில் எங்கள் இரண்டு பேர் பெயரும் சின்னதாக. இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை நினைத்தேன். அவள் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு பக்கத்துச் சித்தப்பா, பெரியப்பா, அத்தான்மாரையெல்லாம் அந்த மஞ்சளில் நானே ஏற்றிவிட்டேன். நான் என்ன செய்ய? கல்யாணம் எனக்கு. அவள் வந்து பார்த்தாள். "ம்" என்றாள்.

இப்படி இருந்தவளிடம்தான் சிஸ்டரம்மா வந்தார். நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அதனால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். நெய்யூருக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையில் ஒரு முக்கில் அவர் வீடு. ஒரே மகள், கல்லூரியில் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். மகள் தினமும் பஸ்ஸுக்கு நின்ற அந்த முக்கில் அவள் நினைவாக ஒரு நிழற்குடை கட்டப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கியிருந்தார். அதில் பதிக்கிற கல்லுக்கு மகளின் படம், பெயர், பிறந்த நாள், இறந்த நாள், படித்த படிப்பு, ஒரு வசனம் எல்லாம் சேர்த்து டிசைன் வேண்டும் என்றார்.

அவள் மவுசை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். "அவளுக்கு என்ன பிடிக்கும் சிஸ்டர்?"

சிஸ்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "இன்னது பிடிக்கும்னு அவ சொன்னதில்ல பிள்ள. பஸ்ஸு வருகது வரைக்கும் சும்மா நிப்பா. நான் ஜன்னல்ல இருந்து பாப்பேன். எல்லாரும் ரோட்டப் பாத்து நிப்பாவ. இவ மட்டும் பின்னால திரும்பி வாழத்தோப்பப் பாத்துக்கிட்டு நிப்பா. பஸ்ஸ விட்டிருவாளோன்னு எனக்குப் படபடன்னு இருக்கும்."

"கல்லு இருக்கட்டும் சிஸ்டர். அந்த நிழற்குடையவே நான் வரஞ்சு தாறேன்" என்றாள் இவள். ஐந்து வருடத்தில் அவளாக ஒரு வேலையைக் கேட்டு வாங்கியது அந்த ஒருமுறைதான்.

பத்து நாள் அந்தப் புத்தகத்தோடு கிடந்தாள். 'அம்ம உறங்குகா' பக்கத்தில் எண்ணெய்க்கை பட்டுப் பட்டு ஓரம் கறுத்தே போனது. கடைசியில் ஒரு பெரிய தாளில் வரைந்து கொண்டுவந்தாள். நீளமான வெள்ளைப் பின்சுவர். மேலே கூரையாக ஒரு தட்டு. அடியில் கேந்தி மஞ்சளில் ஒரு சிமென்டு பெஞ்சு. பின்சுவரில், பெஞ்சில் உட்கார்ந்து திரும்பினால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், சதுரமாக ஒரு துவாரம். அது வழியாக வாழைத்தோப்பு மட்டும் தெரியும். வேறெதுவும் இல்லை.

"பேரு?" என்று கேட்டார் சிஸ்டரம்மா.

"பேரு வேண்டாம் சிஸ்டர். பேரு எழுதினா எல்லாரும் பேரத்தான் பாப்பாவ. அவ பாத்தத யாரு பாப்பா?"

சிஸ்டரம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்புறம் தலையை ஆட்டினார். அண்ணாச்சி என்னிடம் வந்து, "செத்த பிள்ளைக்குக் கட்டுகதுல பேரு இல்லியாம். இவளுக்குப் பிடிச்ச கிறுக்கு அவங்களுக்கும் பிடிச்சிற்றா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கொத்தனாரோடு அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. "இது ஜன்னலா ஓட்டையா பிள்ள?" என்று கேட்டார்.

"ஓட்டதான்."

"ஓட்டைய எவனாவது பிளான் போட்டு வைப்பானா? கம்பியாவது வைக்கட்டா?"

"வேண்டாம்."

வேலை முடிந்த அன்றைக்கு அதே கொத்தனார் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். பீடி அணைகிற வரைக்கும் நின்றார். "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்.

திறப்பு விழா எதுவும் கிடையாது. ஒரு காலையில் அவளும் நானும் சிஸ்டரம்மாவும் போய் அந்த மஞ்சள் பெஞ்சில் உட்கார்ந்தோம். துவாரம் வழியாக வெயில் சதுரமாக வந்து பெஞ்சில் விழுந்து கிடந்தது. பின்னால் வாழை இலை அசைந்தால் அந்தச் சதுரமும் அசைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு பஸ் போயிருந்தது. அவள்தான் என் முட்டியில் தட்டினாள்.

"ஏட்டி, உனக்க வாயி எங்க போச்சு?"

அப்போதுதான் நான் பேசாமல் இருந்ததே எனக்குத் தெரிந்தது. கண் உட்கார ஓர் இடம் என்று இவள் இத்தனை நாள் புலம்பியது இதைத்தானா என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. சிஸ்டரம்மா திரும்பி உட்கார்ந்து வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிழற்குடை கட்டினால் ஒரு வாரம் தாங்காது எங்கள் பக்கத்தில். போஸ்டர், கோச்சிங் சென்டர், மூலநோய் வைத்தியம் என்று தோல் உரியும். இந்தச் சுவரில் மட்டும் ஒரு மாதமாகியும் ஒருவன் கைவைக்கவில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் ஆனது. பாதுகாப்பது கர்த்தர்தான் என்றார் சிஸ்டரம்மா. விஷயம் அது இல்லை. தேர்தலுக்கு வெகு முன்னாலேயே கட்சிக்காரர்கள் நல்ல சுவராகப் பார்த்து வெள்ளையடித்துப் பிடித்து வைப்பார்கள். வெள்ளையடித்த சுவர் என்றால் யாரோ பிடித்துவிட்டார்கள், பிறகு எழுத வருவார்கள் என்று அர்த்தம். மற்றவன் தொட்டால் அடிதடி. அந்த முக்கில் பலமான இரண்டு கட்சிகள். இவன், அவன் பிடித்த சுவர் என்று நினைத்தான். அவன், இவன் பிடித்த சுவர் என்று நினைத்தான். கட்சிக்காரன் சுவர் என்றால் மூலநோய் வைத்தியரும் வரமாட்டார்.

இதை அவளே கண்டுபிடித்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிப் போய் அங்கே உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒருநாள் இரண்டு பேர் பேசுவதைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை கடைக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

"நினைச்சுக்கிட்டு இருக்கட்டும் மக்கா. யாருக்க சுவருன்னு தெரியாதது வரைக்கும் அது அப்பிடியே கெடக்கும். யாரு கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லு."

"நான் எங்க சொல்லப் போறேன்?"

"உனக்க வாயி எனக்குத் தெரியும்லா. எனக்கு இந்த ஒரு சுவருதான் உண்டு, பாத்துக்கிடு."

சத்தியம் செய்து கொடுத்தேன். தலையில் அடித்துச் சத்தியம்.

ஐந்தாவது மாதம். அன்றைக்கு அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். ஒரு கட்சியின் பொறுப்பாளர் ஒருவர் தலைவர் பிறந்தநாள் பிளெக்ஸுக்கு வந்திருந்தார். மெஷினில் பிளெக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். அவராகத்தான் தொடங்கினார்.

"அந்த வாழத்தோப்பு முக்குல ஒரு நிழற்குடை நிக்குலா, அத எதிர்க் கட்சிக்காரனுவ வெள்ளையடிச்சு அஞ்சு மாசமாச்சு. எழுதவும் மாட்டானுவ, விடவும் மாட்டானுவ. கொழுப்பப் பாத்தியளா?"

தெரியாது அண்ணே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என் வாய்க்கு முடியவில்லை. எங்கள் கடையில் வரைந்த சுவர், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் வரைந்த சுவர் என்ற பெருமை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. "ஐய, அத யாரும் பிடிக்கல அண்ணே. இங்க இருக்க பிள்ள டிசைன் பண்ணினதாக்கும். அழகுக்கு அப்பிடி விட்டிருக்கு" என்றேன்.

"சும்மாவா விட்டிருக்கு?"

"சும்மாதான்."

"யாருமே பிடிக்கலியா?"

"இல்லங்கேன்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வாயிலிருந்து போனது போனதுதான்.

மூன்றாம் நாள் சுவரில் பாதியை ஒரு தலைவர் முகம் பிடித்திருந்தது. நான்காம் நாள் மறு பாதியை மற்ற கட்சி பிடித்தது. ஐந்தாம் நாள் நடுவில் இருந்த இரண்டு முழ இடத்துக்காகச் சண்டை, ஒருவனுக்கு மண்டையில் மூன்று தையல். பஞ்சாயத்தில் எல்லாவற்றையும் அழித்து வெள்ளையடித்து, 'இங்கு விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதிவைக்க முடிவு செய்தார்கள். எழுதுவதற்கான மாதிரி எங்கள் கடைக்கு ஆர்டராக வந்தது. அண்ணாச்சிக்கு எதுவும் தெரியாது, அவளிடமே கொடுத்தார்.

"எழுத்து எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள்.

"சுவரு முழுக்க வரணுமாம். இடம் விட்டா அதுல ஒட்டிருவானுவளாம்."

டைப் செய்து கொடுத்தாள். விளம்பரம் செய்யாதீர் என்கிற அந்த எழுத்தின் மேலேயே பத்து நாளில் பிறந்தநாள் பிளெக்ஸ் ஏறியது. ஆணி அடிக்கச் சட்டம் வேண்டும் என்று துவாரத்தில் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள்.

சிஸ்டரம்மா கடைக்கு வந்தார். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"உன்னக் குத்தம் சொல்லல பிள்ள. ஆனா மொதல்லயே அவளுக்க படத்தையும் பேரையும் போட்டிருந்தா, செத்த பிள்ளைக்க மொகத்துல எவனும் பசை தேச்சிருக்க மாட்டான். வெறுஞ்சுவரப் போயி நம்பினோம் பாத்தியா."

பையிலிருந்து மகளின் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு பிளெக்ஸ் போட்டுத் தா. பெருசா. அவனுவளுக்க மேல கட்டணும்."

என் டேபிளிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. படத்தை ஸ்கேன் செய்தாள். பெயர், தேதி, படிப்பு, வசனம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. அப்புறம் தலையைத் திருப்பிக் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் இடம் கெடக்கு சிஸ்டர். வேற என்ன போடணும்?"

அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்து நான் கேட்டதில்லை. சிஸ்டரம்மா போனபிறகு ஓவென்று அழுதது நான்தான், அவள் அடுத்த ஆர்டரைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. தங்க பார்டர், ரோஜா, தாமரை, புறா, வானவில், பின்னால் அருவி. முதல் டிசைனே கழுத்துவரைக்கும் நிரம்பி வரும். "இப்பதான் பிள்ளைக்கு வேல பிடிபட்டிருக்கு" என்று வருகிறவர்கள் சொன்னார்கள். குழித்துறையிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். புத்தகத்தை மானிட்டருக்கு அடியில் உயரத்துக்கு வைத்துக்கொண்டாள். ஒருநாள் நான் அதை உருவி 'ஞாயித்துக்கிழம மத்தியான'த்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "எடு மக்கா, மானிட்டரு ஆடுகு" என்றாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன். "அவன்கிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"வேற யாரு சொல்லுவா?"

கோபமே இல்லை அவள் குரலில். "நீ சொல்லலன்னாலும்..." என்று ஆரம்பித்தாள். நான் காத்திருந்தேன். நீ சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லியிருப்பான் என்று அவள் முடித்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கும். முடிக்கவில்லை. பைலை சேவ் செய்துவிட்டு எழுந்து போனாள்.

இப்போது அவள் எங்கே என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மா இறந்த மாதமே அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். என் போனை எடுப்பதில்லை. அண்ணாச்சிக்கு முடியாமல் போனபிறகு கடையை நான் நடத்துகிறேன், புத்தகம் இன்னும் அந்த மானிட்டருக்கு அடியில்தான் இருக்கிறது. அவளை நினைத்தாலே அம்மா இறந்த அந்தக் காலைதான் முதலில் வருகிறது.

அன்றைக்கு நல்ல மழை. நாங்கள் எல்லோரும் அவள் வீட்டுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம், அவள் நனைந்துகொண்டே கடைக்கு வருகிறாள். மத்தியானம் அடக்கத்துக்கு முன்னால் ஜங்ஷனில் பிளெக்ஸ் கட்ட வேண்டும்.

"நீ வீட்டுக்குப் போ பிள்ள, நாங்க போடுகோம்" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. நான் போடுகேன்."

சொந்தக்காரர்கள் ஒரு தாளில் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். நான் வாசித்தேன், அவள் டைப் செய்தாள். மகன், மஸ்கட். மருமகள். பேரப்பிள்ளைகள். கொழுந்தன்மார், நாத்தனார்மார், அவர்களுடைய பிள்ளைகள், யார் யார் எந்த ஊரில் என்ன வேலை என்று எல்லாம். நாற்பத்தோரு பெயர். நடுவில் அம்மா படம். மேலே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. இரண்டு பக்கமும் விளக்கு, மேலே புறா, சுற்றிலும் தங்க பார்டர். எனக்கு அந்த ஆணி அடிக்காத சுவரும், அதன் எதிரே உட்கார்ந்து "கொள்ளாம்" என்று சொன்ன அம்மாவும் ஞாபகம் வந்தது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "பாரு மக்கா, எங்கயாவது இடம் மிச்சம் இருக்கா?"

பார்த்தேன். இருந்தது. கீழே இடது பக்கம், அம்மாவின் தோளுக்கு அடியில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. பெயர்களுக்கும் பார்டருக்கும் நடுவில் எப்படியோ தப்பிக் கிடந்தது. நான் கண்ணை அங்கிருந்து எடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை இறுக்கி மூடினேன்.

"இல்ல" என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. மேலே இருந்து தொடங்கி வரி வரியாகக் கீழே வந்தாள். அந்த இடத்தில் மவுஸ் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. விட்டிரு மக்கா, அத மட்டும் விட்டிரு என்று உள்ளே கிடந்து கெஞ்சினேன்.

ஒரு ரோஜாவை எடுத்து வந்து அங்கே வைத்தாள். காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் திருப்பி, பார்டருக்கு உள்ளே அடங்குகிற மாதிரிச் சரிசெய்தாள்.

"இப்ப செரி" என்றாள். "பிரிண்ட் குடு."